சீலிங் ஃபேன் பழுது பார்ப்பது: சுவிட்சில் தொடங்கி பேரிங் வரை

ஃபேன் மெதுவாகச் சுற்றுகிறது என்றதும் மோட்டாரைப் பிரித்துப் போடுபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பிரித்து, பேரிங் (தண்டில் உடம்பு சுழல உதவும் குண்டு வளையம்) மாற்றி, மூடி, மாட்டி, சுவிட்சைப் போட்டால் அதே பழைய வேகம். கடைசியில் பார்த்தால் கோளாறு கப்புக்குள் (ஃபேன் குழாயின் முனையில் வயர்களை மூடும் கிண்ணம்) இருந்த சின்னக் கண்டென்சரில். அரை நாள் போனது போனதுதான்.

ஃபேன் வேலையில் வரிசைதான் எல்லாம். வெளியிலிருந்து உள்ளே போக வேண்டும். இங்கே சொல்வது நம் வீடுகளில் தொங்கும் சாதாரண 230 வோல்ட், 1200 எம்எம் சீலிங் ஃபேனுக்கு. ரிமோட்டோடு வரும் பிஎல்டிசி ஃபேனுக்கு இது பொருந்தாது. அதன் உள்ளே எலெக்ட்ரானிக் போர்டு இருக்கிறது, அது தனிக் கதை.

1. ஏறுவதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் ஏணி. கட்டில்மேல் ஸ்டூல், ஸ்டூல்மேல் ஆள் என்ற ஏற்பாடு வேண்டாம். றெக்கையோடு சேர்த்து ஃபேன் நாலைந்து கிலோ இருக்கும். இரண்டு கையையும் மேலே தூக்கி அதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது கால் ஆடக் கூடாது. கீழே வாங்கிக்கொள்ள இன்னொருவர் கட்டாயம் வேண்டும்.

டெஸ்டர், ஸ்க்ரூ டிரைவர்கள், இரண்டு ஸ்பேனர், கட்டிங் பிளேயர், இன்சுலேஷன் டேப், ஸ்லீவ் (வயர் இணைப்பை மூடும் சின்னக் குழாய்), ஒரு மல்டிமீட்டர். மல்டிமீட்டரில் கண்டென்சர் அளக்கும் வசதி இருந்தால் பாதிப் பிரச்சினை அதிலேயே தெரிந்துவிடும், ஆகவே வாங்கும்போது அதைப் பார்த்து வாங்குங்கள். பேரிங் வரை போவதாக இருந்தால் புல்லரும் (பேரிங்கைத் தண்டிலிருந்து இழுத்தெடுக்கும் கருவி) வேண்டும். அது இல்லாமல் உளியும் சுத்தியலும் வைத்து ஆரம்பிக்காதீர்கள்.

இன்னொன்று சீரியஸ் லாம்ப். ஒரு போர்டில் பழைய 100 வாட் குண்டு பல்பு, அதன் வழியாகத்தான் ஃபேனுக்குக் கரண்ட் போகும்படி இணைத்தது. உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும், ஃப்யூஸ் போகாது. எல்இடி பல்பு இதற்கு உதவாது.

2. மோட்டார் எப்படிச் சுற்றுகிறது

இது தெரியாமல் மேலே போனால் வயர் நிறத்தை மனப்பாடம் செய்துகொண்டுதான் வேலை பார்க்க வேண்டியிருக்கும். கம்பெனிக்குக் கம்பெனி நிறம் மாறும்போது மாட்டிக்கொள்வீர்கள்.

சீலிங் ஃபேனில் காயில் சுற்றிய பகுதி நடுவில் தண்டோடு அசையாமல் நிற்கிறது. அதைச் சுற்றியுள்ள உடம்புதான் சுற்றுகிறது. உடம்பின் உட்புறத்தில் இரும்புத் தகடுகளுக்கிடையே அலுமினியப் பட்டைகள் வார்த்த ஒரு வளையம் இருக்கும், அதுதான் ரோட்டார். அதற்கு வயர் எதுவும் போவதில்லை.

வீட்டுக்கு வரும் கரண்ட் சிங்கிள் பேஸ். ஒரே காயிலுக்கு அதைக் கொடுத்தால் காந்தப்புலம் முன்னும் பின்னும் போய் வருமே தவிர சுற்றாது. ஆட்டுக்கல்லில் குழவியை முன்னே தள்ளிப் பின்னே மட்டும் இழுத்துப் பாருங்கள், அது சுற்றாது. முன்னே தள்ளுவதற்கும் பின்னே இழுப்பதற்கும் நடுவில் பக்கவாட்டில் ஒரு தள்ளு விழுந்தால்தான் வட்டம் வரும். அந்தப் பக்கவாட்டுத் தள்ளைக் கொடுப்பதுதான் இரண்டாவது காயில், அதாவது ஸ்டார்ட்டிங் காயில். அதற்குப் போகும் கரண்டைக் காலத்தில் கொஞ்சம் முன்னே நகர்த்தி வைப்பது கண்டென்சர். ஃபேன் ஓடும் நேரம் முழுக்க இரண்டு காயிலும் வேலை செய்கின்றன. பெயரில் ஸ்டார்ட்டிங் என்று இருப்பதால் தொடங்கியதும் அது விலகிவிடும் என்று நினைக்க வேண்டாம்.

வேகத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. 14 துருவம் உள்ள ஃபேனில் காந்தப்புலம் நிமிடத்துக்கு 428 சுற்று சுற்றும் (120 × 50 ÷ 14). ரோட்டார் அதற்குக் கொஞ்சம் பின்தங்கி, 380 பக்கத்தில் ஓடும். பின்தங்கினால்தான் அலுமினியப் பட்டைகளில் மின்சாரம் தூண்டப்படும், இழுவையும் கிடைக்கும். கண்டென்சர் வலுவிழந்தால் இழுவை குறையும், இந்தப் பின்னடைவு கூடும். அதைத்தான் வீட்டில் ‘காத்தே வரல’ என்கிறார்கள்.

3. கீழே நின்றபடியே கோளாறைக் கண்டுபிடியுங்கள்

இந்தக் கட்டத்தில் ஐந்து நிமிடம் செலவழித்தால் மேலே ஒரு மணி நேரம் மிச்சம்.

மெதுவாகச் சுற்றுகிறது என்றால் முதலில் பக்கத்து அறை ஃபேனைப் போட்டுப் பாருங்கள். அதுவும் மெதுவாக இருந்தால் வோல்டேஜ் குறைவு, உங்கள் ஃபேனில் ஒன்றுமில்லை. அடுத்தது ரெகுலேட்டர். 5-இல் வைத்தும் வேகம் வரவில்லை என்றால் எம்சிபியை (மெயின் போர்டில் உள்ள சேஃப்டி சுவிட்ச்) இறக்கி, இன்வெர்ட்டர் இருந்தால் அதையும் அணைத்துவிட்டு, ரெகுலேட்டரின் இரண்டு வயரையும் கழற்றி ஒரு கனெக்டரில் நேரடியாக இணைத்துப் போட்டுப் பாருங்கள். வேகம் வந்துவிட்டால் ரெகுலேட்டரை மாற்றினால் போதும், ஏணியே தேவையில்லை. பழைய எலெக்ட்ரானிக் ரெகுலேட்டரில் குறைந்த வேகத்தில் வரும் ‘உம்ம்’ என்ற இரைச்சல் மோட்டார் கோளாறு அல்ல. 5-இல் வைத்தால் அது நின்றுவிடும்.

முனகுகிறது, ஆனால் சுற்றவில்லை என்றால் ஒரு துடைப்பக் கட்டையால் றெக்கையை மெல்லத் தள்ளுங்கள். கையால் வேண்டாம். தள்ளிய பக்கம் எடுத்துக்கொண்டு ஓடுகிறதா? எதிர்ப்பக்கம் தள்ளினால் அந்தப் பக்கமும் ஓடுகிறதா? அப்படியானால் ரன்னிங் காயில் (முதல் காயில்) நன்றாக இருக்கிறது, பக்கவாட்டுத் தள்ளு மட்டும் இல்லை. கண்டென்சர் போயிருக்கும், அல்லது ஸ்டார்ட்டிங் காயில் அறுந்திருக்கும். தள்ளினாலும் கனமாக நின்றுவிட்டால் பேரிங் இறுகியிருக்கலாம்.

முனகலும் இல்லை, அசைவும் இல்லை என்றால் பெரும்பாலும் கரண்ட் வரவில்லை. சுவிட்ச், ரெகுலேட்டர், மேல் கப்புக்குள் இருக்கும் கனெக்டர் என்ற வரிசையில் பாருங்கள். கனெக்டரில் வயர் கருகி விலகியிருப்பதை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

சத்தம் என்றால் என்ன சத்தம் என்று கேளுங்கள். ஒரு சுற்றுக்கு ஒரு முறை ‘டக்… டக்’ என்றால் றெக்கை ஸ்க்ரூவோ, கப்போ, கொக்கியில் உள்ள ரப்பர் புஷ்ஷோ. விடாமல் ‘கர்ர்’ என்று அரைத்தால் பேரிங். சந்தேகம் இருந்தால் ஃபேனை நிறுத்தி, அது தானாகச் சுற்றி அடங்கும்போது கேளுங்கள். கரண்ட் இல்லாதபோதும் அரைக்கும் சத்தம் வந்தால் அது பேரிங்தான்.

4. கரண்டை நிறுத்துவது, இன்வெர்ட்டரையும் சேர்த்து

சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டு ஏறாதீர்கள். பழைய வீடுகளில் சுவிட்சை நியூட்ரலில் போட்டு வைத்திருப்பார்கள். அணைத்த பிறகும் ஃபேன் வயரில் லைன் கரண்ட் இருந்துகொண்டே இருக்கும்.

மெயினை இறக்கினால் போதும் என்று நினைப்பது அடுத்த தவறு. ஃபேனும் லைட்டும் இன்வெர்ட்டர் லைனில் இருக்கும் வீட்டில், மெயினை இறக்கிய நொடியே இன்வெர்ட்டர் அந்த ஃபேனுக்குக் கரண்ட் அனுப்பத் தொடங்கும். எனக்கே ஒரு முறை இப்படி அடித்திருக்கிறது. ஏணியின் இரண்டாம் படியில் நின்றதால் தப்பித்தேன். இன்வெர்ட்டரையும் அணையுங்கள். மேலே ஏறியதும் டெஸ்டரை வைத்துப் பார்த்த பிறகே வயரைத் தொடுங்கள். அந்த டெஸ்டர் எரிகிறதா என்று கீழே ஒரு பிளக்கில் முன்பே சரிபார்த்திருக்க வேண்டும்.

5. கண்டென்சர்: பார்ப்பதும் மாற்றுவதும்

பெரும்பாலும் மோட்டாருக்கு மேலே உள்ள கீழ் கப்புக்குள் இருக்கும். கப்பின் ஸ்க்ரூவைத் தளர்த்தி மேலே தள்ளினால் தெரியும். தொடுவதற்கு முன் மொபைலில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

நல்ல ஃபேனில் கண்டென்சரின் சார்ஜ் இரண்டு காயில் வழியாகத் தானே இறங்கிவிடும், ஏனென்றால் மூன்றும் ஒரே வளையமாக இணைந்திருக்கின்றன. ஆனால் காயில் அறுந்திருந்தால் அந்த வழி அடைபட்டு, சார்ஜ் உள்ளேயே நிற்கும். நீங்கள் ஃபேனைத் திறப்பதே கோளாறு வந்த நேரத்தில்தானே? ஆகவே இன்சுலேஷன் உள்ள ஸ்க்ரூ டிரைவரால் இரண்டு முனையையும் ஒரு முறை சேர்த்துத் தொட்டு இறக்கிவிடுங்கள். அந்த சார்ஜ் கையில் அடித்தால் அதனால் பெரிய ஆபத்து இல்லை, திடுக்கிட்டு ஏணியிலிருந்து விழுவதுதான் ஆபத்து.

கழற்றி மீட்டரில் அளவெடுங்கள். 2.5 எம்எஃப்டி (மைக்ரோ ஃபாரட், கண்டென்சரின் அளவு) என்று போட்டிருந்தால் 5 சதவீத வித்தியாசம் சரி, அதாவது 2.38-லிருந்து 2.62 வரை. 2-க்குக் கீழே இறங்கியிருந்தால் உங்கள் மெதுவான ஃபேனுக்குக் காரணம் கிடைத்துவிட்டது. கண்டென்சரின் இரண்டு முனையையும் பிளக்கில் செருகி எடுத்து, பொறி பறக்கிறதா என்று பார்க்கும் பழக்கம் ஒன்று உண்டு. பாதி செத்த கண்டென்சரிலும் பொறி பறக்கும். அந்தச் சோதனையால் ஒன்றும் தெரியாது, கைதான் புண்ணாகும். மீட்டர் இல்லை என்றால் புதிதாக ஒன்று போட்டுப் பார்ப்பதே மேல்.

பழையதில் என்ன அளவு எழுதியிருக்கிறதோ அதே அளவு வாங்குங்கள்: 2.25 என்றால் 2.25, 2.5 என்றால் 2.5. 440 வோல்ட் ஏசி என்று எழுதியிருக்க வேண்டும். ஓடும்போது கண்டென்சருக்குக் குறுக்கே வரும் வோல்டேஜ் வீட்டு 230-ஐத் தாண்டும், அதனால் 250 வோல்ட் கண்டென்சர் தாங்காது. முனைகளுக்குப் பிளஸ், மைனஸ் கிடையாது.

பெரிதாகப் போட்டால் காற்று கூடுமா என்று கத்திரி வெயில் நேரத்தில் எல்லோரும் கேட்பார்கள். கொஞ்சம் கூடும், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் ஸ்டார்ட்டிங் காயிலில் தேவைக்கு மேல் கரண்ட் ஓடும். தொழில் பழகிய புதிதில் ஒரு வீட்டில் வற்புறுத்தியதால் 2.5 இருந்த இடத்தில் 4 போட்டுக் கொடுத்தேன். அதே கோடையில் காயில் கருகி, ஃபேன் திரும்பி வந்தது. காயில் கட்டிய செலவு என் கையிலிருந்து போனது.

6. மூன்று வயர், மூன்று அளவு

கண்டென்சர் புதிது, ஆனாலும் முனகல்தான் என்றால் காயிலைப் பாருங்கள். மோட்டாரிலிருந்து மூன்று வயர் வரும். கண்டென்சரையும் லைனையும் கழற்றிவிட்டுத்தான் அளக்க வேண்டும், இல்லாவிட்டால் அளவு குழப்பும்.

வயர்களுக்கு 1, 2, 3 என்று டேப் ஒட்டிக்கொண்டு, மீட்டரை ஓமில் வைத்து ஒவ்வொரு ஜோடியையும் அளந்து எழுதுங்கள். ஒரு ஃபேனில் எனக்கு வந்தது இது: 1-2 ஜோடியில் 370 ஓம், 2-3 ஜோடியில் 160, 1-3 ஜோடியில் 210. அதிகமாகக் காட்டிய ஜோடியில் இரண்டு காயிலும் வரிசையாக அடங்குகின்றன. 160-ஐயும் 210-ஐயும் கூட்டிப் பாருங்கள், 370. அந்த ஜோடியில் சேராத 3-தான் காமன், அதாவது இரண்டு காயிலுக்கும் பொதுவான முனை. காமனிலிருந்து குறைவாகக் காட்டிய 2 ரன்னிங், அதிகமாகக் காட்டிய 1 ஸ்டார்ட்டிங். உங்கள் ஃபேனில் எண்கள் வேறாக இருக்கும், முறை இதேதான்.

இணைப்பு: கண்டென்சர் 1-க்கும் 2-க்கும் நடுவில். வீட்டு வயரில் ஒன்று 3-க்கு, மற்றது 2-க்கு. போட்டதும் ஃபேன் வழக்கத்துக்கு எதிராகச் சுற்றினால் 1-ஐயும் 2-ஐயும் மாற்றி எடுத்திருக்கிறீர்கள். நம் ஊர் ஃபேன்கள் பெரும்பாலும் கீழே நின்று பார்த்தால் இடஞ்சுழியாகச் சுற்றும். றெக்கையின் சாய்வு அதற்கேற்ப இருப்பதால், எதிராகச் சுற்றும் ஃபேன் காற்றை மேலே தள்ளும். வேகமாக ஓடும், கீழே ஒன்றும் வராது.

ஒரு ஜோடியில் மீட்டர் எதுவும் காட்டவில்லை என்றால் காயில் அறுந்திருக்கிறது. உடனே ‘காயில் போச்சு’ என்று முடிவு கட்டாதீர்கள். வயர் தண்டின் துளையிலிருந்து வெளியே வரும் இடத்திலும், உள்ளே காயிலோடு பற்றவைத்த இடத்திலும்தான் அதிகம் அறும். அந்த இடத்தைப் பார்த்து, சுரண்டி, பற்றவைத்து ஸ்லீவ் போட்டால் பிழைத்துவிடும்.

அடுத்து ஒரு முனையை வயரிலும் மறுமுனையை உடம்பிலும் வைத்து, மீட்டரின் அதிக ஓம் அளவில் பாருங்கள். எதுவும் காட்டக் கூடாது. பெயின்ட் மேல் முனையை வைத்துவிட்டு ‘நல்லா இருக்கு’ என்று சொல்வது புதியவர்களின் வழக்கம். தண்டில் பெயின்ட் இல்லாத இடத்தில் வைக்க வேண்டும். அளவு காட்டினால் உடம்பில் ஷாக் அடிக்கும் ஃபேன் அது. சரிசெய்யாமல் மேலே மாட்டக் கூடாது.

காயில் கறுத்து, கருகிய வார்னிஷ் வாடை வந்தால் காயில் கட்டும் கடைக்குத்தான் போக வேண்டும். கொடுக்கும்போது செம்புக் கம்பியா, அலுமினியமா என்று கேட்டுக் கொடுங்கள். விலை குறைந்த ஃபேனுக்கு அந்தச் செலவு தகுமா என்பதையும் அங்கேயே யோசித்துவிடுங்கள்.

7. இறக்கிப் பிரிப்பது

இங்கே வரவேண்டியது பேரிங் சத்தத்துக்காகவோ, உள்ளே வயர் அறுந்ததற்காகவோ மட்டும்.

முதலில் றெக்கைகளைக் கழற்றுங்கள். றெக்கைக்கும் அது மாட்டியிருந்த இடத்துக்கும் ஒரே எண்ணை எழுதிவைத்தால் திரும்ப மாட்டும்போது ஆட்டம் வராது. பிறகு டவுன் ராடோடு (ஃபேனைத் தொங்கவிடும் இரும்புக் குழாய்) மோட்டாரை இறக்கி, தரையில் சாக்கின்மேல் வையுங்கள்.

மேல் மூடியும் கீழ் மூடியும் சேருமிடத்தில் மார்க்கரால் குறுக்கே ஒரு கோடு போடுங்கள். இதைத் தவிர்ப்பவர்கள் அதிகம். மூடி ஒரு துளை தள்ளி உட்கார்ந்தால் சில ஃபேன்களில் ரோட்டார் ஒரு பக்கம் உரசும்.

ஸ்க்ரூக்களை எடுத்தபின், மூடியின் விளிம்பில் தட்டை ஸ்க்ரூ டிரைவரை வைத்து நாலு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக நெம்புங்கள். தண்டின் மரையில் சுத்தியலால் அடித்தால் மரை நசுங்கும், டவுன் ராடு மறுபடி ஏறாது. அடித்தே ஆகவேண்டும் என்றால் நடுவில் ஒரு மரக்கட்டை வையுங்கள்.

பேரிங் இருந்த குழியில் அலைபோல் வளைந்த மெல்லிய வாஷர் ஒன்று இருக்கலாம். கிரீஸோடு ஒட்டிக்கொண்டு கண்ணுக்குத் தப்பிவிடும். அது பேரிங்கை அழுத்திப் பிடித்து, மேலும் கீழும் ஆடாமல் வைப்பது. துணியில் துடைத்துக் குப்பையில் போட்டுவிட்டு, புதுப் பேரிங் போட்ட பிறகும் ஏன் லொடலொடக்கிறது என்று தேடியவர்கள் உண்டு.

8. பேரிங் மாற்றுவது

பேரிங்கின் மேல் எண் பொறித்திருக்கும். 6202, 6201 என்ற ஜோடி நிறைய ஃபேன்களில் வரும். முதலாவதன் துளை 15 எம்எம், அடுத்ததன் துளை 12. ஆனால் எண்ணைப் படித்த பிறகே கடைக்குப் போங்கள், சில ஃபேனில் இரண்டும் ஒரே எண்ணாக இருக்கும்.

வயர்கள் தண்டின் துளை வழியாக மேலே வருவதால், மேல் பேரிங் அவற்றின் மேலேறித்தான் வெளியே வரும். வயர் நுனியில் உள்ள கனெக்டரை முன்பே கழற்றிவிடுங்கள். புல்லரின் கால் காயிலைக் கீறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தலைமுடி போன்ற கம்பி அது. ஒரு கீறலில் ஃபேன் காயில் கடைக்குப் போய்விடும்.

புதியதை ஏற்றும்போது, பேரிங்கின் உள்வளையத்தில் மட்டும் உட்காரும்படி ஒரு குழாய்த் துண்டை வைத்துத் தட்டுங்கள். வெளிவளையத்தில் அடித்தால் அடி முழுக்கக் குண்டுகள் வழியாக இறங்கும், அவை ஓடும் பாதையில் பள்ளம் விழும். புதுப் பேரிங் முதல் நாளே சத்தம் போடுவதற்கு இதுதான் காரணம், கடைக்காரரைத் திட்டிப் பயனில்லை.

பழையதை மண்ணெண்ணெயில் கழுவி கிரீஸ் வைத்தால் போதாதா? சில மாதம் ஓடும். குண்டோ பாதையோ தேய்ந்ததை கிரீஸ் சரிசெய்யாது. இவ்வளவு பிரித்த பிறகு அந்த மிச்சம் தேவையில்லை என்பது என் கருத்து. மூடியின் குழியே தேய்ந்து, பேரிங் அதில் வழுக்கிக்கொண்டு சுற்றினால் மட்டும் புது ஃபேனைப் பற்றி யோசியுங்கள்.

9. மூடுவது, தரையில் ஓட்டிப் பார்ப்பது

போட்ட கோடு ஒன்றோடொன்று சேரும்படி மூடியை வையுங்கள். ஒரு ஸ்க்ரூவை முழுக்க முறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகாதீர்கள். மூடி சாய்ந்து ரோட்டார் உரசும். காயிலுக்கும் ரோட்டாருக்கும் உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. எதிரெதிர் ஸ்க்ரூக்களாகக் கொஞ்சம் கொஞ்சம் முறுக்கி, ஒவ்வொரு சுற்றுக்கும் கையால் சுழற்றிப் பாருங்கள். வழவழவென்று போக வேண்டும். கனத்தால் கடைசியாக முறுக்கியதைக் கொஞ்சம் தளர்த்துங்கள்.

பிறகு றெக்கை இல்லாமல் ஒரு கம்பியில் தொங்கவிட்டு, சீரியஸ் லாம்ப் வழியாகக் கரண்ட் கொடுங்கள். கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓட்ட வேண்டாம், தொடங்கும்போது உதறும். பல்பு மங்கலாக எரிந்து மோட்டார் சுற்றினால் சரி. முழு வெளிச்சம் வந்தால் நிறுத்திவிட்டு, மூடும்போது வயர் எங்கே நசுங்கியது என்று தேடுங்கள்.

10. மாட்டுவது, ஆட்டத்தை எடுப்பது

டவுன் ராடின் இரண்டு முனையிலும் போல்ட், நட், அதன் நுனியில் கோட்டர் பின் (நட் கழலாமல் தடுக்கும் இரண்டு கால் கம்பி). பின்னை மாட்டி இரண்டு காலையும் விரித்துவிடுங்கள். பழைய பின் ஒடிந்திருந்தால் ஆணியை வளைத்துப் போடாமல் புதியது வாங்குங்கள். அதிர்வில் நட் கழன்றால் மோட்டாரைப் பிடித்து நிறுத்த வேறு எதுவும் இல்லை. கொக்கியின் ரப்பர் புஷ் வெடித்திருந்தால் இப்போதே மாற்றிவிடுங்கள்.

றெக்கைகளை எண்ணைப் பார்த்து மாட்டுங்கள். மூன்றும் எடை பார்த்துச் சேர்த்த செட். வேறு ஃபேனின் றெக்கை ஒன்றைச் சேர்த்தால் ஆடத்தான் செய்யும். ஃபேன் ஆடினால் ஒரு ஸ்கேலை எடுத்து, ஒவ்வொரு றெக்கை நுனிக்கும் சீலிங்குக்கும் உள்ள தூரத்தை அளங்கள். சுவரைப் பார்த்த மாதிரி ஒரே இடத்தில் ஸ்கேலை வைத்துக்கொண்டு றெக்கையைச் சுற்றிச் சுற்றி அளப்பது சரியான முறை. அரை சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் அந்த றெக்கையின் கைப்பட்டை வளைந்திருக்கிறது. அடுத்து நுனிக்கு நுனி தூரம்: 1200 எம்எம் ஃபேனில் மூன்றும் ஏறக்குறைய 104 சென்டிமீட்டராக, சமமாக வர வேண்டும்.

முழு வேகத்தில் அரை மணி ஓடட்டும். நிறுத்திவிட்டு, கரண்டை இறக்கி, மோட்டார்மேல் கை வையுங்கள். சூடு இருக்கும், அது வழக்கம். கை வைத்ததும் இழுத்துக்கொள்ளும் அளவுக்குச் சுட்டால் கண்டென்சர் அளவையும் வயர் இணைப்பையும் மறுபடி பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தாலும், ஒரு வாரம் கழித்து ஏணி போட்டு றெக்கை ஸ்க்ரூக்களை இன்னொரு முறை முறுக்கிவிடுங்கள். புது வாஷர்கள் அதற்குள் அமுங்கிக் கொஞ்சம் இடம் கொடுத்திருக்கும்.